கீறல் எழுத இடமில்லாத பக்கம்

உக்காருங்க மேடம், நீங்க ஏன் நின்னுட்டு இருக்கீங்க, உங்க ஊடுங்க இது. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். தண்ணி போதுங்க. காப்பியெல்லாம் வேண்டாம், உள்ள எறங்காது. காலைல ஏழு மணிக்குச் சிங்காநல்லூர்ல ஈரோட்டுப் பஸ் ஏறுனேன். கார் விக்கறவன் பஸ்ல நின்னுட்டே வந்தேன் பாருங்க, அந்த லட்சணம் என்ற பொழப்பு.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கோயமுத்தூர்ல நீங்க அந்தக் கரண்டு கார் வாங்குனீங்களே, அந்த ஷோரூம்ல சேல்ஸ் பாக்கறேன். உங்களுக்கு வித்தது வேற ஆளு. நீங்க திருப்பிக் குடுத்தப்பத்தான் காயிதத்துல உங்க பேரப் பாத்தேன். வத்சலா மேடம், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். அட்ரஸும் அதுல இருந்து எடுத்ததுதான். தப்பா எடுத்துக்காதீங்க.

ஒரே ஒரு உதவிங்க. உங்க போன்ல, அந்தக் கம்பெனி ஆப்புல, அந்த வெள்ளை கார் இன்னும் இருக்குது. அத நீக்கிப்போடுங்க. ரெண்டு தடவை விரல வெச்சாப் போதும். என்ற பொண்ணுக்கு இன்னும் பதினோரு நாள்ல கல்யாணம். அது நடக்கறதும் நிக்கறதும் உங்க விரல்லதான் இருக்குதுங்க.

இருங்க, இருங்க. போன அப்பறம் எடுக்கலாம். மொதல்ல முழுசாச் சொல்லிப்போடறேன். அரைகுறையாக் கேட்டா என்னைத் தப்பா நெனச்சுப்போடுவீங்க.

எங்க கம்பெனில வண்டிய வரிசையா நிறுத்தி வெச்சு விக்கறதில்லீங்க. எல்லாம் வெப்சைட்டுதான். புது வண்டிக்கு ஒரு லிஸ்ட்டு, பழைய வண்டிக்கு ஒரு லிஸ்ட்டு. புது லிஸ்ட்டுல எல்லா வண்டிக்கும் ஒரே போட்டோ. கம்பெனிக்காரனே எடுத்தது, மலை உச்சில நிக்கற மாதிரி. கலரத் தட்டுனா, வண்டி நிறுத்தற எந்த யார்டுல எத்தன இருக்குதுன்னு காட்டும். பழைய லிஸ்ட்டு அப்படி இல்லீங்க. ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பக்கம். நாலு பக்கமும் போட்டோ எடுக்கோணும். எத்தன கிலோமீட்டர் ஓடுச்சு, பேட்டரி நூத்துக்கு எத்தன தெம்பா இருக்குது, எத்தன கை மாறிச்சு, ஏன் திரும்பி வந்துச்சு, அத்தனையும் எழுதோணும்.

எனக்கு அந்தக் கருமமெல்லாம் வராதுங்க. என்ற பொண்ணு சிந்துஜாதான் எழுதிக் குடுக்கும். கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. ஞாயித்துக்கிழமையானா யார்டுக்கு என்ற கூடவே வந்து, வண்டிய ஒரு சுத்து சுத்தி, குனிஞ்சு நிமுந்து போட்டோ எடுத்து, ஊட்டுக்கு வந்து எழுதும். எப்படி எழுதும்ங்கறீங்க? "பின்கதவில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் தெரியும்." இப்படி! ஏன் கண்ணு, விக்கறவங்களே குத்தம் சொல்லுவாங்களா, எடுத்துப்போடுன்னேன். முடியாதுன்னுட்டுது. நம்ப மாட்டீங்க மேடம், அந்தப் புள்ள எழுதுன வண்டிங்கதான் மொதல்ல வித்துச்சு. பெங்களூர்ல இருந்து பெரிய ஆபீசுக்காரங்களே போன் பண்ணினாங்க. இத எழுதறது யாரு, வேலைக்கு அனுப்பறீங்களான்னு. போன நான்தான் எடுத்தேன். கல்யாணம் முடிவாயிருச்சுங்க, வராதுன்னு நானே சொல்லிப்போட்டேன். அந்தப் புள்ள கிட்டச் சொன்னா வீணா மனசுல வெச்சுக்கும் பாருங்க. அதுக்கு அந்தச் செரமமே வேண்டாம்னு நானே முடிச்சுட்டேன்.

சம்பந்தி பொள்ளாச்சிங்க. வெள்ளிங்கிரின்னு பேரு. தென்னந்தோப்பு, நார் மில்லு, ஒத்தைக்கு ஒரு பையன். எங்களுக்கெல்லாம் எட்டாத எடம். தரகர் அந்த ஜாதகத்தக் கொண்டாந்தப்ப பேர ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். பொண்ணப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. நானே எழுதினேன். அமைதியான பொண்ணு, வேலைக்குப் போற எண்ணம் இல்ல, பெரியவங்க சொன்னாத் தட்டாது. அப்படித்தான எழுதோணும், எல்லாரும் அப்படித்தான எழுதறாங்க?

பொண்ணு பாத்துட்டுப் போகறப்ப வெள்ளிங்கிரி சொன்னாரு. "பையனுக்குக் கரண்டு கார் வேணுமாம். நீங்கதான் விக்கறீங்களே, உங்க கையாலயே எடுத்துக்கறோம். வெள்ளை. மேல கண்ணாடி வெச்சது. நிச்சயத்தன்னைக்குக் காலைல எங்க வாசல்ல நிக்கோணும்." நான் அங்கியே போன எடுத்துப் பாத்தேன். புது லிஸ்ட்டுல வெள்ளை ஒண்ணு இருக்குதுன்னு காட்டுச்சு. சரிங்க சம்பந்தின்னு கையில அடிச்சுச் சொல்லிட்டேன்.

அதுதானுங்க நான் பண்ணுன ஒரே தப்பு. அந்த ஒரு வண்டிய ஊரு பூராக் காட்டுதுங்க அந்த வெப்சைட்டு. யாரு மொதல்ல தட்டறானோ அவனுக்கு. காலைல போயித் தட்டினா, முந்தின நாளே ஹூப்ளில எவனோ எடுத்துட்டான். அடுத்த வண்டி எப்பங்கன்னேன். முப்பது நாளுன்னாங்க. எனக்கு இருந்தது மூணு நாள். நிச்சயம் ஆனிக் கடைசி முகூர்த்தம். அத உட்டா ஆடி. ஆடில எவனாச்சும் வண்டி எடுப்பானுங்களா? நிச்சயத்தன்னைக்கு அவங்க வாசல்ல வண்டி இல்லீனா, மொதப் பேச்சே தவறிப்போட்டானே, இவன் பொண்ண எப்படி எடுக்கறதுன்னு ஆயிரும்ல?

அப்பத்தான் உங்க வண்டி. அதே வெள்ளை, மேல கண்ணாடி. இருபத்தியோரு நாள் ஓட்டிட்டு, அப்பார்ட்மெண்ட்ல சார்ஜர் வெக்க உட மாட்டேங்கறாங்கன்னு வண்டிக்கு நம்பர் வர்றதுக்கு முந்தியே திருப்பிக் குடுத்தீங்க. எண்ணூத்தி நாப்பது கிலோமீட்டர். பொண்ணு போட்டோ எடுத்து, எழுதி, பழைய லிஸ்ட்டுல போட்டு ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. இத எடுத்துப் புது லிஸ்ட்டுல போடு கண்ணுன்னேன். சம்பந்திக்குக் காட்டற வரைக்கும் போதும்னேன். அது என்னையே பாத்துச்சு. "புது லிஸ்ட்டுல போட்டாக் கீறல எங்கப்பா எழுதறது? அந்தப் பக்கத்துல அதுக்கு எடமே இல்ல." எழுதாதன்னு சொன்னேன். மாத்திக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போச்சு. தட்டாதுங்க. நான் எழுதினது பொய்யில்ல பாருங்க.

ஒண்ணு இருக்குதுங்க. நான் ஒரு ரூபா திங்கல. பழைய வண்டி வெலைக்குத்தான் குடுத்தேன், ஆபீசுலயும் பழசாத்தான் பதிஞ்சிருக்குது. சொந்தக்காரன்னு கொறச்சுக் குடுத்தாப்லன்னு வெள்ளிங்கிரி ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியறாரு. எண்ணூத்தி நாப்பது கிலோமீட்டர் ஏனுங்கன்னு கேட்டாரு. லாரி கெடைக்கல, உங்களுக்காகவே தூரத்து யார்டுல இருந்து ஓட்டிட்டே வந்தோம்னேன். மனுசன் கண்ணு கலங்கிட்டாரு.

ஆனாச் சாமி விசயம்தான் என்னைய அறுத்துது. நீங்க பண்ணாரியம்மன் கோயில்ல பூஜை போட்டிருந்தீங்களாட்ட இருக்குது. முன்னாடி இடுக்கெல்லாம் குங்குமம். ஒருத்தரு பூஜை போட்ட வண்டிய இன்னொருத்தரு புதுசுன்னு தொடுவாங்களா? ஒரு மத்தியானம் பூரா உக்காந்து பல்லு வெளக்கற பிரஷ்ல தேச்சேன். சக்கரத்துக்கு உள்பக்கம் காஞ்ச எலுமிச்சந் தோலு ஒண்ணு. அத நோண்டி எடுத்தேன். அம்மா தாயே, என்ற பொண்ணுக்காகப் பண்றேன், மன்னிச்சுக்கன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். அன்னைக்குச் சிந்துஜா பக்கத்துலதான் நின்னுச்சு. "அப்பா, பழைய ஓனர் போன்ல இருந்து வண்டிய எடுக்கல. எங்க இருந்தாலும் அவங்க ஏசி போடலாம், ஹாரன் அடிக்கலாம். அத மொதல்ல எடுக்கச் சொல்லுப்பா"ன்னுச்சு. நான் குங்குமத்துலயே குறியா இருந்தேன். அதெல்லாம் பாத்துக்கலாம்னேன்.

கேட்டிருக்கலாம். இப்பச் சொல்லி என்னங்க பண்றது?

வண்டி போச்சு, நிச்சயம் ஆச்சு, ஆடியும் பொறந்து முடிஞ்சுது. தினமும் காலைல ஆறேகாலுக்கு, யாரும் தொடாமயே, வண்டி வெளக்கு மினுக்கி ஏசி ஓட ஆரம்பிக்குதுங்க. பத்து நிமிசம் ஓடிட்டு நின்னுக்கும். எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க வாக்கிங் போறதுக்கோ கோயிலுக்குப் போறதுக்கோ நேரம் வெச்சிருந்திருப்பீங்க, அது இன்னும் ஓடுது. ஆனா அவங்க ஊட்ல? சம்பந்தியம்மா வாசல் தெளிக்க வந்து, ஆளில்லாத வண்டி வெளக்கு மினுக்கறதப் பாத்துட்டு வாளியப் போட்டுட்டு ஓடிருச்சு. கம்பெனி ஏற்பாடுங்க, நீங்க ஏறறதுக்கு முந்தியே தானாக் குளுந்து நிக்கும்னு நான் சமாளிச்சேன்.

ஆபீசுல சொன்னா ஒரு நிமிசத்துல நீக்கிருவாங்க. ஆனா அவங்க நீக்குனா வாங்குனவரு போனுக்கு மெசேஜ் போகும். "உங்கள் வண்டியின் முந்தைய உரிமையாளர் நீக்கப்பட்டார்." வெள்ளிங்கிரி அதப் படிச்சா நான் எங்க போயி முழிக்கறது? நீங்களா எடுத்துட்டா மெசேஜ் போகாதுங்க. விசாரிச்சுட்டேன்.

இருங்க மேடம், நீங்க சொல்ல வர்றது புரியுது. எடுத்தர்றேன்னு சொல்ல வர்றீங்க. உங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது, நல்ல மனசு. ஏன் இத்தன அவசரம்னா, ஏசியோட நின்னிருந்தாப் பரவால்லீங்க. இந்தப் புதன்கெழமையில இருந்து ஹாரன்.

ஆமாங்க, ஹாரன். அதுவும் நேரங் காலம் பாத்து அடிக்குது. புதன்கெழமை பத்திரிக்கைய சாமி படத்துக்கு முன்னால வெச்சுக் கும்புடறப்ப ஒரு தடவ. வியாழக்கெழமை தாலிக்குத் தங்கம் குடுக்க ஆசாரி வந்து உக்காந்தப்ப. நேத்து நான் சிந்துஜாவையும் பக்கத்துல வெச்சுட்டு மத்தியானம் போனுல பேசிட்டு இருக்கறேன், கூறைச் சேலை எடுக்க எப்ப வர்றீங்கன்னு சம்பந்தியம்மா கேக்குது, அந்தப் பக்கம் வாசல்ல பாம் பாம்னு அலறுது. சம்பந்தியம்மா அழுதே போடுச்சு. அப்பறம்தான் அந்த வார்த்தையச் சொல்லுச்சுங்க. "இந்தச் சம்பந்தம் பேசுன நாள்ல இருந்துதான் இப்படி. பொண்ணு ராசி எப்படியோ என்னவோ."

என்ற பொண்ணச் சொல்லுதுங்க! தாயில்லாத புள்ள. அது பொறந்து ஒம்பதாம் வருசம் அவங்கம்மா போயிட்டா, நான் ஒண்டியா வளத்தேன். ராசியில்லாதவன்னு ஒரு பேரு ஒட்டுச்சுன்னா உரிச்சு எடுக்க முடியுங்களா? சோசியகாரன வேற வரச் சொல்லியிருக்காங்க, இன்னைக்குச் சாயந்தரம். பொண்ணு ஜாதகத்த மறுபடியும் பாக்கறாங்களாம். அவன் என்ன சொல்லுவான்? காசு குடுத்தவங்க மொகத்தப் பாத்துச் சொல்லுவான்.

என்னங்க? உண்மையச் சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? வண்டி பழசுங்க, அதனாலதான் இப்படின்னு ஒரு வார்த்த சொன்னாப் பொண்ணு மேல பழி வராதேங்கறீங்க. நெனச்சனுங்க. ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம நெனச்சேன். ஆனாச் சொன்னா என்ற மொகத்த எங்க கொண்டு போயி வெக்கறது? பொண்ணு ராசின்னா கல்யாணம் ஆகி ஒரு கொழந்த பொறந்தா மறந்துருவாங்க. அப்பன் பொய்காரன்னா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க. அந்தப் புள்ளைக்காகத்தான் நானே வாயக் கட்டிட்டு இருக்கறேன்.

அதுகிட்டயா? அதுகிட்டச் சொன்னேன், இந்த மாதிரி உன்ற ராசின்னு பேசறாங்க கண்ணு, அப்பா சரி பண்ணிருவேன்னு. தட்டுல சோத்தப் பெசஞ்சுட்டே இருந்துச்சு. நிச்சயத்துக்கு முன்னாடி மூணு தடவ எனக்கு வேண்டாம்ப்பான்னு சொல்லுச்சுதான். இல்லைங்கல. பொண்ணுங்கன்னா அப்படித்தான சொல்லுவாங்க? மொத தடவ சிரிச்சேன். ரெண்டாவது தடவ, அப்பன் கஷ்டத்தப் பாருன்னேன். மூணாவது தடவ எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னேன், அதோட உட்டுருச்சு. மனசு மாறிருச்சுன்னு நானும் நிம்மதியா இருந்தேன்.

சரிங்க, நான் பேசிட்டே போறேன். நேரம் ஆச்சு. போன எடுங்க மேடம். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். என்ற கண்ணு முன்னாடியே நீக்கிப்போடுங்க.

எங்க? ...இந்தப் படத்தத் தட்டோணுமா? இதுல ஒரு வண்டியும் இல்லீங்களே. "உங்கள் கணக்கில் வண்டி எதுவும் இல்லை"ன்னு இருக்குது. எப்ப எடுத்தீங்க? செவ்வாக்கெழமையேவா? செவ்வாக்கெழமை எடுத்திருந்தா புதன்கெழமை எப்படிங்க ஹாரன்...

யாரு வந்தாங்க?

நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க மேடம். ஒல்லியா, கண்ணாடி போட்டு, இடது புருவத்துல சின்ன வெட்டு? செவ்வாக்கெழமை சிந்துஜா காலேஜ் சர்ட்டிபிகேட் வாங்கோணும்னு போச்சுங்க. சாயந்தரம்தான் வந்துச்சு. ஈரோட்டுக்கா? இந்த ஊட்டுக்கா? இந்தச் சோபாவுலயா உக்காந்துச்சு?

வண்டிய உங்க கணக்குல இருந்து அது போனுக்கு மாத்திக் குடுத்தீங்களா? நீங்களே குடுத்தீங்களா? தெரிஞ்சேவா?

நான் ஒண்ணும் கத்தலீங்க. கத்தல. மன்னிச்சுக்கங்க. சொல்லுங்க. என்ன சொல்லுச்சு உங்க கிட்ட?

...பெங்களூர் வேலையா? அது எப்படித் தெரியும் அதுக்கு? நான் சொல்லவே இல்லியே! திரும்பவும் போன் பண்ணினாங்களா. அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு அவங்களே சொன்னாங்களா.

வேறென்ன சொல்லுச்சு? பரவால்லீங்க, சொல்லுங்க. "எங்கப்பாவுக்கு என்ற பேச்சுக் காதுல ஏறாதுங்க ஆன்ட்டி. மாப்பிள்ளை ஊட்டுப் பேச்சுத்தான் ஏறும். அவங்களே வேண்டாம்னு சொல்லட்டும்." இப்படியா சொல்லுச்சு? அழுதுச்சுங்களா? அழல. சாப்பிட்டுச்சுங்களா? ...தோச சாப்பிட்டுச்சா. எங்க ஊட்ல மூணு வாரமாச் சரியாவே சாப்பிடலீங்க. கல்யாணக் கவலைன்னு நெனச்சேன்.

இருங்க, போன் போடறேன். உங்க முன்னாடியே போடறேன். ...அடிக்குது. ...கண்ணு? அப்பாதான். எங்க இருக்கற? ஊட்லயா? நான் ஈரோட்ல இருக்கறேன். ஆமா, அவங்க ஊட்லதான். இல்ல, இல்ல, நீ ஒண்ணும் பேசாத. நான் சொல்றத மட்டும் கேளு. அந்த வண்டிய உன்ற போன்ல இருந்து இப்பவே எடுத்துப்போடு. பொறவு எதுவா இருந்தாலும் பேசிக்கலாம், பதினோரு நாள்தான் கண்ணு, பல்லக் கடிச்சுட்டு... அலோ? அலோ?

வெச்சுட்டா.

என்ன மேடம் பாக்கறீங்க? நான் என்ன தப்பாச் சொன்னேன்?

நீ ஒண்ணும் பேசாதன்னு சொன்னனுங்களா? ...ஆமா. சொன்னேன்.

இதோ, அடிக்குது. அதுவாத்தான் இருக்கும். மனசு கேக்காது அதுக்கு... இல்லீங்க, சம்பந்தி. இப்ப எதுக்குக் கூப்புடறாரு? ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. சொல்லுங்க சம்பந்தி. என்னங்க? சத்தமாப் பேசுங்க, ஒரே எரைச்சலா இருக்குது.

கேக்குதுங்களா மேடம்? அவரு பேசறதே கேக்கல. அது பாட்டுக்கு அடிக்குது. நின்னு நின்னு அடிக்குது. ஒண்ணு... ரெண்டு... மூணு. அப்பறம் கொஞ்சம் நிக்குது. மறுபடியும் மூணு.

மூணு தடவைங்க.

சம்பந்தி, ஆமாங்க, லைன்லதான் இருக்கறேன். இல்லீங்க, மெக்கானிக் வேண்டாம். சோசியகாரனும் வேண்டாம், போகச் சொல்லிருங்க. ஒயரப் புடுங்காதீங்க. ஒரு நிமிசம் நான் சொல்றத மட்டும் கேளு... இல்ல, உங்களச் சொல்லல. பொண்ணுகிட்டச் சொன்ன வார்த்த வாயில வந்துருச்சு.

அந்த வண்டி பழசுங்க சம்பந்தி. ஈரோட்ல ஒரு அம்மா ஓட்டுனது. நான்தான் புதுசுன்னு சொல்லிக் குடுத்தேன். ஆமாங்க. திட்டுங்க. ஆனா ராசியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அந்த வார்த்தைய மட்டும் எடுத்துப்போடுங்க. அடிக்கறது வண்டி இல்ல. என்ற பொண்ணு. ஆமாங்க, சிந்துஜாதான்.

கொஞ்ச நேரம் அடிக்கட்டும், உடுங்க. நானே இப்பத்தான் கேக்கறேன்.